சிவப்புத் துணிக்காரர்

— சிரிக்காம சொல்லுக்கா. அந்த ஆள் தலையில நாற்காலியைக் கவுத்துக்கிட்டு மேடையைச் சுத்துறதுக்கும் நான் வயலின் வாசிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

— ஆள் கீள்னு சொல்லாத, பாப்பா. நடனக் கலைஞர். ஒலியும் உடம்பும் ஒரே வெளியில சந்திக்குது.

— நல்லா சந்திச்சுது, நேத்து ஒத்திகையில என் முழங்கால்ல. இன்னும் வீங்கியிருக்கு.

— புது வெளின்னா கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும்.

— நோட்டுக்குள்ள முணுமுணுக்காம என்னைப் பார்த்துப் பேசு. அந்த ஓவியர் எந்த வெளி? நாம வாசிக்க வாசிக்கப் பின்னாடி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாரே.

— சுண்ணாம்பு இல்லடி. மௌனத்தோட நிறம்.

— மௌனம் என் பட்டுச் சட்டையில நாலு சொட்டு விழுந்திருக்கு. துவைச்சாலும் போகல. அப்புறம் இந்த நோட்டீஸ்... “இசையின் எலும்பை மென்று பார்க்கும் முயற்சி.” கண்றாவி! வர்றவங்கள்ல பாதிப் பேர் பல்செட்டு கட்டினவங்கக்கா!

— நாளைக்கு நிகழ்ச்சியை வெச்சுக்கிட்டு இதெல்லாம் இப்பப் பேசணுமா?

— இப்பதான் பேசணும். நீ பியானோ, நான் வயலின்னு ரெண்டு பேருமா ஆரம்பிச்ச குழு இது. இருபத்திரண்டு வருஷம். பத்தே பேர் வந்தாலும் உட்கார்ந்து கேட்டுட்டுப் போனாங்க. இப்ப தாடியை நீவிக்கிட்டு வேடிக்கை பார்த்துட்டுப் போறாங்க. இந்தா, கடிதம். ஒண்ணு அந்தத் துணிக்காரர் போகணும், இல்ல நான் போறேன்.

— எந்தத் துணிக்காரர்?

— உன் நாற்காலிக்காரர்தான். நான் வில்லைத் தூக்கப் போறப்பல்லாம் என் மூக்குக்கு நேரா சிவப்புத் துணியை உதறுறாரே. நான் என்ன, முட்ட வர்ற மாடா?

— நாற்காலியை வேணா விட்டுடச் சொல்றேன். துணி இருக்கட்டும்.

— ஏன், துணியில அப்படி என்ன தத்துவம்?

— சிவப்புக்கு ஒரு... ஒரு இது இருக்கு.

— பார்த்தியா, உனக்கே தெரியல! நான் கிளம்பறேன். என் பெட்டி எங்க?

— நில்லு. கதவைத் திறக்காத. பாப்பா... ஏய் பாப்பா... பாப்பா!

— அம்மாடி! எதுக்குத் தோள்ல வந்து கை வெக்கிற, பயந்துட்டேன். கூப்பிட்டா நிக்க மாட்டேனா?

— மூணு தடவை கூப்பிட்டேன்.

— இந்த ஹால் அப்படி. எதிரொலி.

— போன மழைக்காலத்துல எல்லாரும் வாசிச்சு நிறுத்தினப்புறமும் நீ மட்டும் தனியா வாசிச்சுக்கிட்டிருந்தியே, அதுவும் ஹாலா? உன் வயலின் உன் தாடையில அதிருது, அதனால அது உனக்குத் தெரியுது. மத்தவங்க எப்ப தொடங்குறாங்க, எப்ப நிறுத்துறாங்கன்னுதான் தெரியல. உனக்குத் தாளம் தப்புது, வேற ஆளைப் பாருன்னு குழுவுல மத்த மூணு பேரும் என் வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. அடுத்த வாரமே நான் நடனக்காரரைக் கூட்டிட்டு வந்தேன்.

— ...அவருக்குத் தெரியுமா?

— எந்த இடத்துல உதறணும்னு அவருக்குச் சொல்லணுமே. வேற யாருக்கும் தெரியாது.

— அப்ப நாற்காலி, சுண்ணாம்பு, எலும்பு... இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?

— துணி மட்டும் தனியா ஆடினா எல்லாருக்கும் புரிஞ்சிடாதாடி?