பூட்டாத ஒரு வரி

எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பாஸ்வேர்டு நினைவில் நிற்காது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். களப்பணியாளர் ராஜாமணி அக்கா பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வாரத்துக்கு ஒரு முறையாவது போன் செய்வார். "மாதேசு, நேத்து மாத்துனது என்னான்னே தெரிலப்பா, இன்னொருக்கா மாத்திக் குடேன்" என்பார். நானும் மாற்றிக் கொடுப்பேன். பதினோரு வருடமாக எங்கள் பெண்கள் உதவி மையத்தின் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் என் பொறுப்பு. ஒருவரையும் கடிந்து பேசியதில்லை.

மையம் என்ன செய்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வீட்டுக்குத் தெரியாமல் வரும் பெண்களுக்கு மறைவாகத் தங்க இடம் பார்த்துக் கொடுக்கிறோம். பதினைந்து வயதில் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று சிலர் வருவார்கள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு சிலர் வருவார்கள். தங்கள் கதையை அவர்களே களப்பணியாளரின் போனில் டைப் செய்ய வேண்டும். அது மின்னஞ்சலாகத் தர்மபுரி அலுவலகத்துக்கு வரும். இயக்குநர் சோபனா மேடம் மட்டும்தான் படிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு ஏதோ ஊரில் இப்படிப்பட்ட கடிதங்கள் வெளியே போய்விட்டதாகக் கேள்விப்பட்டு அவர் பயந்துபோனார். மின்னஞ்சலுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்றார். அப்படிப் பூட்டினால் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யார் பார்த்தாலும் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். நான் பார்த்தாலும் அப்படித்தான்.

இருபது நாள் உட்கார்ந்து அப்படிப் பூட்டும் மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று கடிதத்தையும் தலைப்பையும் சேர்த்தே பூட்டும். மற்றது கடிதத்தை மட்டும் பூட்டும், தலைப்பு வரி திறந்தே கிடக்கும். இரண்டாவது பழைய போன்களிலும் ஓடும், தேடினால் சீக்கிரம் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதி, இரண்டாவதே நல்லது என்றேன். தலைப்பைப் பற்றி அதில் எழுதவில்லை. சோபனா மேடம் அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு இந்த டெக்னிக்கல் எல்லாம் புரியாதுங்க மாதேஸ்வரன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு மனு எழுதித்தான் பழக்கம். திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். 'பொருள்' என்று போட்டு, பேர், ஊர், விஷயம் அத்தனையும் ஒரே வரியில் அடைத்து, 'தொடர்பாக' என்று முடித்தால்தான் அவர்களுக்கு எழுதிய திருப்தி. களப்பணியாளர்கள் மின்னஞ்சலின் தலைப்பையும் அப்படியே எழுதினார்கள். யாருடைய கடிதம் வந்தது, தலைப்பு என்ன என்ற பட்டியல் தினமும் காலையில் என் திரையில் வரும். அதைப் பார்ப்பது என் வேலை.

முதலில் வந்தது மொரப்பூர்ப் பக்கத்துப் பெண். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமா எனக்குத் தெரிந்தவர், டீக்கடையில் உட்கார்ந்து அழுதார். பெண்பிள்ளை எங்கே போனாளென்று தெரியாமல் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, மேடம்? எனக்கு மனசு கேட்கவில்லை. ஊர்ப் பேரை மட்டும் சொன்னேன். கூட்டிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்து வைத்தார்கள். இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறாள். அப்புறம் இன்னும் மூன்று பேர். எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஐந்தாவது பேர் வெண்மதி. இண்டூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. பச்சியப்பன் சித்தப்பாவின் மகள், எனக்குத் தங்கை முறை. அவளுக்குத் தமிழில் டைப் செய்யச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவள் மேல் எனக்குப் பாசம் உண்டு, இப்போதும் உண்டு. அறிவழகன் என்ற பையனோடு அவள் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்று காலைப் பட்டியலில் ராஜாமணி அக்காவிடமிருந்து ஒரு தலைப்பு: 'இண்டூர் வெண்மதி மற்றும் கணவரைக் காரிமங்கலம் சந்தைக்குப் பின்புறம் பெரியம்மாள் வீட்டு மாடியில் தங்கவைத்தது தொடர்பாக.' சோபனா மேடம் சென்னைக்குப் போயிருந்தார். மறுநாள் சாயங்காலம்தான் அதைத் திறந்தார்.

நான் அன்று மதியமே லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். சித்தப்பா களத்தில் உட்கார்ந்து கொடுவாள் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "எந்த ஊருன்னு மட்டும் சொல்றா. பேசிக் கூட்டியாந்துடறேன்" என்றார். நான் வீட்டையும் சேர்த்தே சொன்னேன். அவர் மறுபடி தீட்ட ஆரம்பித்தார். அவருடைய தோட்டத்தில் அப்போது வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவர் காரிமங்கலம் போனார். அறிவழகன் வேலைக்குப் போயிருந்ததால் தப்பித்தார். வெண்மதி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம்.

யாரோ பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று அலுவலகத்தில் எல்லாரும் பதறினார்கள். நான் சோதித்து, பூட்டு பத்திரமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மை. தலைப்பை விவரமாக எழுதுவது அவர்களுடைய பழக்கம் என்று சற்று முன் சொன்னேன். முழு உண்மை அதுவல்ல. நான் நடத்திய பயிற்சி வகுப்பில் பேரும் ஊரும் போதும் என்றுதான் களப்பணியாளர்கள் சொன்னார்கள். தங்கியிருக்கும் வீட்டையும் தலைப்பில் எழுதுங்கள், இல்லையென்றால் கடிதம் பதிவாகாது என்று சொன்னது நான். இதற்காகத்தான் அந்தப் பூட்டைத் தேர்ந்தெடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

நேற்று நீங்கள் சோபனா மேடத்தை வைத்து வெண்மதியின் கடிதத்தைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். 'எங்க அண்ணன் மாதேஸ்வரன் உங்க ஆபீஸ்லதான் கம்ப்யூட்டர் பாக்கறாரு. அவரு இருக்கற தைரியத்துலதான் இங்க வந்தேன்' என்று எழுதியிருந்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் நான் ஒருவருடைய கடிதத்தையும் திறந்ததில்லை. அது அவள் சோபனா மேடத்துக்கு எழுதியது. அடுத்தவருக்கு எழுதியதை நீங்கள் அப்படி வாசித்திருக்கக் கூடாது.