கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, நர்சம்மாவின் கணவரே, மகளே, அவரோடு பணியாற்றிய செவிலியர்களே, எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்தாரே, நர்சம்மாவின் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்து மண்டபத்தில் இடமில்லாமல் வாசலுக்கு வெளியே நிற்கும் ஊர்மக்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மேஸ்திரியின் வணக்கம்.

எனக்குச் சுவர் எழுப்பத் தெரியும், பேசத் தெரியாது. பேசுகிற வேலையையெல்லாம் நர்சம்மாதான் பார்த்துக்கொண்டார். இன்று அவரைப் பற்றியே பேசும்படி என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டார்!

நான்கு ஆண்டுகளுக்கு முன் பூமி நம்மை உலுக்கியது. நாற்பது நொடிதான். அந்த நாற்பது நொடி நமக்குள் அடங்க எத்தனை மாதம் ஆயிற்று? பொறியாளர் வந்து, நின்ற வீடுகளைப் பார்த்து, "குடியிருக்கலாம்" என்று சீட்டு ஒட்டினார். போனோமா உள்ளே? வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் கூடாரம் போட்டு, சொந்த வீட்டுக்கே காவல்காரர்களாக உட்கார்ந்திருந்தோம். தெருவில் லாரி போனால்கூடக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அப்போதுதான் மனநலச் செவிலியராக வந்தார் நர்சம்மா. வந்ததும் என்ன செய்தார்? தப்புச் செய்தார்! மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் ஆலோசனை அறை திறந்தார். புது மேசை, புது நாற்காலி, புதுப் பலகை. பதினேழு நாள் ஈ ஓட்டினார். பதினெட்டாம் நாள் அறையைக் கூட்ட வந்த அம்மா சொன்னார்: "ஏம்மா, கூரையைப் பாத்தாலே நடுங்குறவங்களை ரெண்டாவது மாடிக்குக் கூப்பிட்டா எவன் வருவான்? நானே பொழப்புக்காகத்தான் ஏறி வர்றேன்."

இதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் நர்சம்மாவேதான். தன் தவறைத் தானே சொல்லிச் சிரிக்கும் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்?

மறுநாள் என்னைத் தேடி வந்தார். "மேஸ்திரி, நீங்க சுவரைப் பாருங்க, நான் ஆளைப் பாக்குறேன். சேர்ந்தே போவோம்" என்றார். போனோம். வீடு வீடாகப் போனோம். நான் தூணையும் சுவரையும் தட்டிக் காட்டுவேன். இது வெறும் பூச்சு விரிசல், இது ஒன்றும் செய்யாது என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, "டீ போடுங்க, உள்ளேயே குடிக்கலாம்" என்பார். ஒரு மணி நேரம் உட்காருவார். "பயப்படாதீங்க" என்று அவர் யாரிடமாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "நல்லா பயப்படுங்க. ஆனா டீ ஆறிடப் போகுது" என்பார்! ஐந்தே நிமிடத்தில் வெளியே ஓடியவரிடம், "நேத்து நாலு நிமிஷம், இன்னிக்கு அஞ்சு. நாளைக்கும் வர்றேன்" என்பார். சொன்னபடியே வருவார். ஊர் முழுக்க டீ குடித்தே அவருக்குச் சர்க்கரை வந்தது என்று கண்காணிப்பாளர் ஐயா கோபித்துக்கொள்வார்.

இன்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் உங்கள் சுவர்களைத் தட்டி "தைரியமாப் போங்க" என்ற நான், எட்டு மாதம் என் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. அந்த நாற்பது நொடியில் என் தம்பி செத்தது நான் அவனுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில். அவன்மேல் விழுந்தது என் கையால் வைத்த சுவர்; என் வீட்டுச் சுவரும் அதே கையால் வைத்ததுதான். நர்சம்மாவுக்கு இது தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு மத்தியானம், "இன்னும் ஒரு வீடு இருக்கு மேஸ்திரி" என்று என் வாசலிலேயே வந்து நின்றார். நான் படியேறவில்லை.

"நீங்க கட்டினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. நான் இஞ்சினியர் இல்ல. ஆனா அப்பாவே உள்ள போகலைன்னா உங்க பொண்ணு இந்த வீட்டை எப்படி நம்புவா?" என்றார். பிறகு அவரே உள்ளே போய்ச் சுவரைத் தட்டினார். எப்படி? கதவைத் தட்டுகிற மாதிரி! எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படித் தட்டக் கூடாதும்மா, தள்ளுங்க" என்று உள்ளே போய்த் தட்டிக் காட்டினேன். காட்டிய பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. அத்தனை நாளும் என் பக்கத்திலேயே நின்று பார்த்தவருக்கா தட்டத் தெரியாது? அன்று நானும் என் மகளும் உள்ளே உட்கார்ந்து அழுதோம். நன்றாக அழுதோம். அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்குகிறேன்.

நர்சம்மாவின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. இன்று ஒரே ஒரு கூடாரம்தான் மிச்சம். அதில் இருப்பவர் யார் என்று சொல்ல மாட்டேன். நான்கு வருடமாக எந்தக் கூரைக்குக் கீழும் வராதவர். கடைசியாக மருத்துவமனைக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "அந்த ஒருத்தரை விட்டுடாதீங்க மேஸ்திரி" என்றார் நர்சம்மா. விட மாட்டேன் அம்மா! நாளைக் காலை பத்து மணிக்கு நானும் சங்கத்துத் தோழர்களும் போவோம். அவர் உள்ளே வரும்வரை போவோம். பேச வராவிட்டாலும் உட்காரத் தெரியும் எங்களுக்கு.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு வேண்டுகோள். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். நான் பேச ஆரம்பித்தபோது அந்த ஒருத்தர் வெளியே, தெருவோரத்தில் நின்றார். இப்போது மண்டபத்துக்குள் நிற்கிறார். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவைப் பிடித்தபடி.

தயவுசெய்து திரும்பாதீர்கள். என்னையே பாருங்கள். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று, ஆனாலும் நான் இறங்கப் போவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். அவர் நிற்கட்டும்.