குடுவைச் செடிக்கு ஒரு மாப்பிள்ளை

— சிரிக்காதேடா. பொண்ணு பூத்து நிக்குது, மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கேன். இதுல சிரிக்க என்ன இருக்கு?

— நான் சிரிக்கலக்கா. மூணு வருஷமா இந்தக் கேட்டைத் தொடாதவ, வந்ததும் வராததுமா மாப்பிள்ளைங்கிறே. முதல்ல உள்ள வா. செருப்பை அங்கேயே விடு. எங்க போய் மிதிச்சே இவ்வளவு சேறு? மழைகூட இல்லையே.

— சேறு கிடக்கட்டும் விடு. நீ எங்கயோ கிளம்பிட்ட மாதிரி இருக்கே. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. யார் வீட்டு விசேஷம்?

— விசேஷம் ஒண்ணும் இல்ல. ஒருத்தரைப் பார்க்கப் போகணும். கொஞ்சம் பொறுத்துப் போனாலும் பரவாயில்ல. நீ ஒண்ணொண்ணா சொல்லு. எது பூத்திருக்கு?

— எதுவா? என்கிட்ட என்ன ரோஜாத் தோட்டமா இருக்கு? நாம நர்சரியைப் பிரிச்சப்ப, பாத்திரம் பண்டம் பிரிக்கிற மாதிரி ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சோமே, பூச்சி பிடிச்சுத் தின்கிற அந்தச் சதுப்புக் குடுவைச் செடி. உன் பங்கு உன் மொட்டை மாடியில, என் பங்கு என் குளியலறை ஜன்னல்ல. அதுதான் பூத்திருக்கு. முழ நீளத்துக்குக் கதிர் விட்டிருக்கு, கேட்டியா?

— கதிர்ல பூ விரிஞ்சிருச்சா, இன்னும் மொட்டா?

— அடியிலேருந்து பாதி வரைக்கும் விரிஞ்சிருச்சு.

— பூ நடுவுல என்ன தெரியுது?

— பச்சையா ஒரு குமிழ். அது தலையில கொஞ்சம் பிசுபிசுப்பு.

— மஞ்சளா தூள் எதுவும்?

— இல்ல.

— விரலால தொட்டுப் பார்த்தியா?

— தொட்டேன், முகர்ந்தேன், உன் மாமாவோட கண்ணாடியைப் போட்டுக்கிட்டும் பார்த்தேன். பொண்ணுதான்டா. இந்தச் செடியில ஆண் தனி, பொண்ணு தனி, பூக்கிற வரைக்கும் எது எதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். இப்ப என்ன வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை?

— ஆண் பூவும் முதல்ல பச்சையாத்தான் இருக்கும். அப்புறம்தான் மஞ்சள் கட்டும். அதுக்குத்தான் கேட்டேன்.

— ஒரு வாரமாச்சு. கட்டுறதா இருந்தா இதுக்குள்ள கட்டியிருக்கும்.

— போட்டோ இருக்கா?

— இந்தா. நல்லா பெருசு பண்ணிப் பார். என்னடா, முகம் இப்படிப் போகுது?

— ஒண்ணும் இல்ல. பொண்ணுதான்.

— எனக்கு மூணாவதும் பொண்ணாப் பொறந்தப்பகூட நீ இப்படி வாடி நிக்கலையே.

— தண்டு ஏன் அடியில கறுத்திருக்கு?

— உன் கண்ணுக்கு அதுதான் முதல்ல படும். எல்லாம் உன் மாமா செஞ்ச வேலை. நான் வீட்டுல இல்லாத நாள் பார்த்து, ‘பாவம், வெறும் பாசியில நட்டு வெச்சுப் பட்டினி போடுறாளே’ன்னு ரோஜாவுக்கு வாங்கின உரத்தை ஒரு கரண்டி போட்டுட்டார். பாதி வேர் வெந்துபோச்சு.

— உரமா? சதுப்புச் செடிக்கா?

— திட்டாதே. அழுதுட்டார் மனுஷன். பட்டினிதான் அதுக்கு விருந்துன்னு அவருக்கு எப்படித் தெரியும்? குழாய்த் தண்ணி ஆகாதுன்னு நான் ட்ரம் வெச்சு மழைத்தண்ணி பிடிக்கிறப்பவே, ‘உன் மக பெரிய இடத்துப் பொண்ணு’ன்னு கேலி பண்ணுவார். அந்தப் பெரிய இடத்துப் பொண்ணுக்கு ஒரு வாய் ஊட்டிவிடணும்னு ஆசை வந்துடுச்சு.

— நுனியைக் கிள்ளித் தனியா நட்டு வெச்சுப் பார்த்தியா?

— நாலு நுனி வெச்சேன். நாலும் அழுகிடுச்சு. அதனாலதான் ஓடி வந்திருக்கேன். இந்தக் கதிர் போனா அடுத்த கதிர் அதுக்குக் கிடையாது. பிசுபிசுப்பு இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கும். அதுக்குள்ள ஆண் பூத்தூள் வேணும். உன்னோடதும் பூத்திருக்குன்னு எனக்குத் தெரியும், மறைக்காதே.

— யார் சொன்னா?

— தொட்டிக்காரர். ரெண்டு வீட்டுக்கும் அவர்தானே மண்தொட்டி கொண்டுவந்து போடுறார். ‘உங்க தம்பி மாடியில ஒரு கதிர் நிக்குது’ன்னார். எனக்கு அப்புறம் சோறு இறங்கல. என் பொண்ணு, உன் பையன். அக்கா பொண்ணுக்குத் தம்பி பையன், கச்சிதமா முறை. வேற யார்கிட்ட போய் நிப்பேன்?

— ஆணா பொண்ணான்னு தொட்டிக்காரர் சொன்னாரா?

— அவருக்கு என்ன தெரியும்? அவர் கதிர்னார், நான் மாப்பிள்ளைன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். சதுப்புலேருந்து ரெண்டு கன்னு எடுத்தோம். ஒண்ணு பொண்ணாச்சு. அப்ப இன்னொண்ணு பையனாத்தானே இருக்கணும்?

— அப்படி ஒரு சட்டம் இருக்கா என்ன?

— சட்டம் இல்ல. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?

— சரி, அது இருக்கட்டும். தொட்டிக்காரர் கடப்பாரையைப் பத்தி ஏதாவது சொன்னாரா?

— அவன் பேச்சை எதுக்கு இப்ப எடுக்கிறே?

— சும்மா கேட்டேன்.

— நீ சும்மா எதையும் கேட்க மாட்டே. மூணு வருஷமா நீ என்னோட பேசாததே அவனாலதானே. ‘உன்னாலதான் எல்லாம் போச்சு’ன்னு சொல்ல நாக்குத் துடிக்குது. சொல்லிடு, நெஞ்சுல வெச்சுக்காதே.

— நான் எதுவும் சொல்லலக்கா.

— ஒரு படம்டா. பூக்காட்சியில பேசக் கூப்பிட்டாங்க, போனேன், சதுப்புல எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினேன். எந்த இடம்னு வாயைத் திறந்தேனா? படத்தோட மூலையில செங்கல் சூளைப் புகைபோக்கி விரல் அளவுக்குத் தெரிஞ்சது. அதை வெச்சே வழி கண்டுபிடிச்சு, ஒருத்தன் கடப்பாரையும் சாக்கும் எடுத்துக்கிட்டு வருவான்னு நான் கனாவா கண்டேன்?

— ஒரு செடி மிச்சம் வைக்கலக்கா. நான் ரெண்டு கன்னு எடுத்ததுக்கே, ‘அது அது இருக்கிற இடத்துல இருக்கட்டும்’னு நீ என்னை வழியெல்லாம் திட்டிக்கிட்டு வந்தே. அவன் சதுப்பையே மண்ணோட பேர்த்து எடுத்துட்டுப் போனான்.

— அதுக்குத்தான் நீ அடுத்த பூக்காட்சி நடக்கிற இடத்துலயே, அத்தனை பேர் முன்னாடி அவன் சட்டையைப் பிடிச்சு ‘திருட்டு நாயே’ன்னே. பரிசு வாங்க வந்தவன் பித்தான் அறுந்துபோய் நின்னான். கடப்பாரைன்னு நீ வெச்ச பேர்தான் இன்னைக்கும் நிக்குது. அவன் பொண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுறா.

— நான் செஞ்சது தப்புங்கிறியா?

— தப்புன்னு சொல்லல. அவன் இன்னும் மறக்கலேன்னு சொல்றேன்.

— மறக்கலேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— யாருடா மறப்பா? நீ மறப்பியா? ஒரு புகைபோக்கியை நீ மறந்தியா?

— சரி விடு. விதை கிடைச்சுதுன்னே வெச்சுக்குவோம். என்ன பண்ணப்போறே? விக்கப்போறியா?

— விக்கிறதா? எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வைக்கப்போறேன். நான் காட்டிக்கொடுத்த இடம், நானே நிரப்பிட்டுப் போறேன். போன மாசம்கூடப் போய்ப் பார்த்தேன். அவன் தோண்டின குழியெல்லாம் தண்ணி நிறைஞ்சு நிக்குது. ஓரத்துல பாசி மூடிக்கிட்டு வருது, தவளை கத்துது. வீடு காலியா இருக்குடா, குடியிருக்க ஆள்தான் இல்ல.

— தெரியும். நானும் போவேன்.

— அதுவும் எனக்குத் தெரியும். வரப்பு ஓரத்துல உன் வண்டி நிக்கும். நீ கிளம்பிப் போற வரைக்கும் நான் சூளைக்குப் பின்னால நின்னுட்டு, அப்புறம்தான் இறங்குவேன்.

— கூப்பிட்டிருக்கலாமே.

— நீ திரும்பிப் பார்த்திருக்கலாமே. அதெல்லாம் இப்ப எதுக்கு? விதையில பாதி உனக்கு. பாதி என்ன, முழுசையும் நீயே வெச்சு முளைக்கவை. என் கைக்கு அந்தப் பொறுமை கிடையாது, என் வாய் மாதிரிதான் என் கையும். கன்னு பிழைச்சு வந்தா, வைக்கிறப்ப மட்டும் என்னையும் கூட்டிட்டுப் போ. இப்ப மேல வா. டப்பா, தூரிகை, மடிக்கக் காகிதம் எல்லாம் பையில இருக்கு. மாப்பிள்ளையை ஒரு தடவை கண்ணால பார்த்துடுறேன்.

— மேல வேண்டாம்க்கா.

— ஏன்? பொண்ணு வீட்டுக்காரி படி ஏறக் கூடாதா? தர மாட்டேன்னா என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— தர மாட்டேன்னு இல்ல.

— பின்ன என்ன? நான் உன் கால்ல விழணுமா? வயசுல மூத்தவ, பரவாயில்ல, அந்தச் செடிக்காக விழுறேன். கிழக்கே பார்த்து நில்லு.

— அப்படியெல்லாம் பேசாதே. வா. மூணாவது படி உடைஞ்சிருக்கு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு வா.

— அடேயப்பா. என்னடா இது, ஒவ்வொரு குடுவையும் சொம்பு அளவுக்குத் தொங்குது. எறும்பு விழுந்தா நீச்சல் அடிக்கலாம் போல. என்னோடது மைக்கூடு மாதிரிதான் இருக்கும். நல்லாத்தான் வளர்த்திருக்கே, பொறாமையா இருக்கு.

— அந்த நிழல்வலையைத் தள்ளிட்டுப் பார். கதிர் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு.

— இரு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிறேன்.

— கண்ணாடி வேண்டாம்க்கா. அது இல்லாமலே தெரியும்.

— பச்சைக் குமிழ்.

— ஆமா.

— மஞ்சள் இன்னும் கட்டல.

— கட்டாது. தினமும் ஏறி வந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இதுவும் பொண்ணுதான்க்கா. அதனாலதான் வாசல்ல வெச்சு உன்னை அப்படிக் கேள்வி கேட்டேன். உன்னோடதாவது பையனா இருந்துடக் கூடாதான்னு ஒரு நப்பாசை. போட்டோவைப் பார்த்ததும் அதுவும் போச்சு.

— ஆளுக்கு ஒரு பொண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டு, அடுத்த வீட்டுல மாப்பிள்ளை இருக்கான்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கோம்.

— நம்பினதோட சரி. நான் வந்து கேட்கலையே.

— ஏன் கேட்கல? இப்ப இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு என் வீட்டுக்குத்தானே கிளம்பினே? ஆமான்னு சொல்லுடா. பாதி துக்கம் ஆறிடும்.

— உன்கிட்டப் பொய் சொல்ல வரலக்கா. கடப்பாரை வீட்டுக்குக் கிளம்பினேன்.

— என்ன?

— அவன் முற்றத்துல ஆண் ஒண்ணு பூத்து மஞ்சள் கொட்டுதுன்னு தொட்டிக்காரர் சொன்னார். உன் வாசலுக்கு வர்றதைவிட அவன் வாசல்ல போய்த் தலைகுனிஞ்சு நிக்கிறது எனக்குச் சுலபமா தெரிஞ்சது. அவன் திட்டினா வாங்கிக்கிட்டு வந்துடலாம். நீ திட்டாம ‘வாடா’ன்னு கூப்பிட்டுட்டா நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கிறது? ஏன்க்கா, என்னைச் சிரிக்காதேன்னுட்டு நீ சிரிக்கிறே?

— கீழ போய் என் செருப்பை மோந்து பார்டா. அது நம்ம சதுப்புச் சேறு. அன்னைக்கு வெட்டின மண்ணை அப்படியே முற்றம் பூரா கொட்டி வெச்சிருக்கான் அந்தக் கடப்பாரை. தொட்டிக்காரர் அந்த ஆண் செடியைப் பத்தி எனக்கும்தான் சொன்னார், விடிஞ்சதும் நான் முதல்ல போனதே அங்கதான். ‘உங்க தம்பி வந்து வாயால கேட்கட்டும், தர்றேன்’னுட்டான். அதை உன்கிட்டச் சொல்லத் தைரியம் வராமத்தான், இவ்வளவு நேரமா உன்கிட்ட மாப்பிள்ளை கேட்டுக்கிட்டு நிக்கிறேன்.