மெஹர் பானுவின் பாட்டு நோட்டு

— சத்தத்தைக் கொஞ்சம் குறை மெஹரு. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.

— இந்தப் பாட்டு முடிஞ்சிரட்டும் மச்சான். சிலோன் ரேடியோவுல இதைப் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வைக்கிறாங்க. பேசாம கேளுங்க. இப்ப புல்லாங்குழல் ஒண்ணு வரும். வந்துச்சா?

— வந்துச்சு.

— படத்துல இதை அந்தப் பொண்ணு ஊஞ்சல்ல உக்காந்து பாடுது. புருஷன் பட்டாளத்துக்குப் போயிட்டான். அவனை நெனச்சு நெனச்சு இளைச்சு, வளையல் கழண்டு கீழ விழுதாம். எனக்குச் சிரிப்பா வரும். நீங்க சைகோனுக்குப் போன ஒன்பது வருஷத்துல நான் இளைச்சா போனேன்? ரெண்டு சுத்து பெருத்துட்டேன். கல்யாணத்துக்கு நீங்க போட்ட வளையலைக் கழட்ட சோப்பு வேணும்.

— அதுக்கில்ல மெஹரு...

— கவலை வந்தா பொம்பளைக்குப் பசிதான் எடுக்கும். பாட்டு எழுதுறது ஆம்பளைங்க, அவங்களுக்கு அது எங்க தெரியுது. அப்புறம் பாருங்க, அழுதுகிட்டே பாடுற ஒருத்திக்காவது மூக்கு ஒழுகியிருக்கா?

— நீ இந்தப் படம் பாத்தியா?

— நான் எங்க பாத்தேன். ஒரு படமும் பாத்ததில்ல. உங்க உம்மா இருந்தவரைக்கும் கொட்டகை இருக்கிற தெருப்பக்கம் தலை திருப்ப முடியுமா? பக்கத்து வீட்டு லூர்தம்மாள் பாத்துட்டு வந்து கதை சொல்லும். அது சொல்ற கதையில கெட்டவன் எல்லாரும் கடைசியில மனந்திரும்பிடுறான். நாலஞ்சு படத்துக்கு அப்புறம்தான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு.

— பாக்காத படத்துப் பாட்டா இத்தனையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கே?

— பாக்காட்டி என்ன. நானே மனசுக்குள்ள படம் எடுத்துக்குவேன். இந்த ஊஞ்சலை நம்ம கொல்லை முருங்கை மரத்துலதான் கட்டியிருக்கேன். முருங்கைக் கிளை தாங்குமான்னு கேக்காதீங்க. படந்தானே.

— பாட்டு முடிஞ்சிருச்சு. இப்பவாவது...

— இருங்க, அடுத்தது யாரு கேட்ட பாட்டுன்னு பேரு படிப்பாங்க. நாகூர்லேருந்து ஒரு ஆளு வாராவாரம் போஸ்ட்கார்டு போடுறாரு. அவருக்கு எப்பவும் சோகப் பாட்டுதான் வேணும். என்ன நடந்துச்சோ பாவம். போன மாசம் திடீர்னு ஒரு தாலாட்டு கேட்டிருந்தாரு. நானும் லூர்தம்மாளும் அன்னைக்குப் பூரா சந்தோஷமா இருந்தோம்.

— மெஹரு, அலமாரியில ஒரு நோட்டைப் பாத்தேன். நீல அட்டை.

— எடுத்துப் படிச்சீங்களா?

— படிச்சேன். கோவமா?

— கோவம் என்ன. கேட்ட பாட்டை எழுதி வச்சிருக்கேன். ஒளிச்சு வைக்கிற சங்கதியா அது.

— சில பாட்டுக்குப் பக்கத்துல மட்டும் தேதி போட்டிருக்கே. எதுக்குன்னு ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன்.

— என்னன்னு நெனச்சீங்க?

— பொய் சொல்ல மாட்டேன். கண்டபடியும் நெனச்சேன். கல்யாணமாகி மூணே மாசத்துல விட்டுட்டுப் போனவன் நான். நீ யாருன்னு எனக்கு என்ன தெரியும்?

— சரி. கொண்டாங்க அந்த நோட்டை. வேணாம், இறால் உரிக்கிற கை. நீங்களே வச்சுக்கிட்டு ஒரு தேதியைச் சொல்லுங்க.

— அம்பத்திரண்டு, நவம்பர் முப்பது. பக்கத்துல ஏதோ படகுப் பாட்டு.

— புயலடிச்ச அன்னைக்கு. நீங்க ஆள்கிட்ட கொடுத்தனுப்பின ரேடியோ வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். படகுக்காரன் தண்ணி எவ்வளவு அமைதியா இருக்குன்னு பாடிக்கிட்டு இருக்கான், இங்க ஓடு பறக்குது. கரண்டு போச்சு. ஆரிபாவை ஒரு இடுப்புலயும் ரேடியோவை ஒரு இடுப்புலயும் வச்சுக்கிட்டு லூர்தம்மாள் வீட்டுக்கு ஓடினேன். அது வீடு மச்சு வீடு. இதுல எதைக் கீழ வைக்கிறதுன்னு கேட்டுச்சு லூர்தம்மாள். நான் ரெண்டையும் இறக்காமலே உள்ளே போனேன்.

— புயலைப் பத்தி நீ ஒண்ணுமே எழுதல. எல்லாரும் சுகம்னுதான் கடுதாசி வந்துச்சு.

— அப்ப எழுதினது உங்க அண்ணன், காதர் பாட்சா நானா. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவாரு. அவர் முன்னாடி நின்னு, பயந்துபோயிட்டேன், நீங்க இல்லையேன்னு அழுதேன்னு எப்படிச் சொல்றது? சுகம்னேன். எழுதிட்டாரு.

— நோட்டுல முதல் பத்துப் பக்கம் நண்டு நடந்த மாதிரி இருக்கு. அப்புறம் எழுத்து உருண்டு திரண்டு வருது.

— எழுதப் படிக்க லூர்தம்மாள்தான் சொல்லிக் கொடுத்துச்சு. எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள பாட்டு ஓடிரும். ஒரு நாளைக்கு ஒரு வரி பிடிப்பேன். மறுபடி அதே பாட்டு வர்றவரைக்கும் காத்திருந்து அடுத்த வரி. முதல் பாட்டை முழுசா எழுத நாலு மாசம் ஆச்சு.

— இரு. அம்பத்தி மூணுலேருந்து எனக்கு வந்த கடுதாசியெல்லாம் வேற கையெழுத்து. காதர் பாட்சா நானா கணக்குப்பிள்ளை யாரையோ வச்சிருக்காருன்னு நெனச்சேன்.

— அந்தக் கணக்குப்பிள்ளை நான்தான்.

— சொல்லவே இல்லையே.

— நீங்களா கண்டுபிடிச்சுக் கேப்பீங்கன்னு இருந்தேன். கேக்கல. அப்புறம் நானே போய்ச் சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன். அடுத்த தேதியைச் சொல்லுங்க.

— அம்பத்தி நாலு, நவம்பர் ஒண்ணு. இது எனக்கே தெரியும். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம்ம கொடி ஏறின நாளு.

— ஆமா, தெருவெல்லாம் வெடி. வீட்டுல ரேடியோவுல ஒரு கல்யாணப் பாட்டு, மேளம் நாதஸ்வரமெல்லாம் வச்சு. யாருக்கு உம்மா கல்யாணம்னு கேட்டுச்சு ஆரிபா. கல்யாணம் இல்லம்மா, பிரெஞ்சுக்காரங்க ஊருக்குத் திரும்பிப் போறாங்கன்னேன். அப்படின்னா வாப்பா இங்க திரும்பி வருவாங்களான்னு கேட்டுச்சு. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போற நாளுன்னு பிள்ளை நெனச்சிருச்சு.

— நீ என்ன சொன்னே?

— மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

— இன்னொண்ணு இருக்கு. அம்பத்தி அஞ்சு, மாசி மாசம். ஒரு காமெடிப் பாட்டு. மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டுட்டு ஊரெல்லாம் தேடுறவனைப் பத்தி. இதுக்கு மட்டும் ரெண்டு கோடு போட்டிருக்கே.

— அது வேணாம் மச்சான்.

— சொல்லு.

— அது உங்க உம்மா மவுத்தான நாள்.

— எனக்குத் தந்தி வந்துச்சு. ரெண்டே வார்த்தை.

— காலையில பசியாறிட்டுக் கட்டில்ல சாஞ்சிருந்தாங்க. நான் ரேடியோவை மெதுவா வச்சிருந்தேன், அவங்களுக்குப் பிடிக்காதுன்னு. அந்தப் பாட்டு வந்துச்சு. கண்ணாடியைத் தேடுறவன் கடைசியில கண்ணாடிக்கடைக்கே போய், என் கண்ணாடி இங்க வந்துச்சான்னு கேக்குறான். கட்டில்லேருந்து ஒரு சத்தம். இருமுறாங்கன்னு திரும்பினா, சிரிக்கிறாங்க. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிப்பு. கூட்டி வையிடி, இந்தக் கிறுக்கன் என்ன ஆனான்னு பாப்போம்னாங்க. மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

— சிரிச்சுட்டா போனாங்க?

— சிரிச்சுட்டுத்தான்.

— இதை ஒரு வரி எழுதியிருக்கலாம் மெஹரு. என் பேரைச் சொல்லி அழுது அழுதுதான் போயிருப்பாங்கன்னு ஒரு வருஷத்துக்கு மேல நெனச்சுக்கிட்டு இருந்தேன். கடையில துணி அளக்கும்போது திடீர்னு கை நின்னுரும். எத்தனை கஜம்னு மறந்து போயிரும்.

— எழுதினேன். மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். நீங்க அங்க நாலு பேர் முன்னாடி கடுதாசியைப் பிரிப்பீங்க. சினிமாவே ஆகாதுன்னு இருந்த மனுஷி, சாகுற நாள்ல சினிமாப் பாட்டுக்குச் சிரிச்சாங்கன்னு யாராவது தப்பாப் பேசிட்டா? அதான் பாட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டேன். நீங்க வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு.

— வந்து பதினேழு நாளாச்சு.

— ஆமா. பதினேழு நாளா நீங்க தொண்டையைச் செருமும்போதெல்லாம் நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். தெரிஞ்சுதான் செஞ்சேன். இந்தாங்க, நிறுத்திட்டேன். இனிமே சொல்லுங்க.

— என்ன சொல்ல வந்தேன்னு நெனச்சே?

— கப்பல் எப்பங்கிறதை. எனக்கும் தெரியும், முதலாளி எத்தனை நாளுக்கு இடத்தைக் காலியா வச்சிருப்பாரு? ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன் மச்சான். போன தடவை ரெண்டு வருஷம்னு சொன்னீங்க. ரெண்டு வருஷத்துக்கு நான் மனசைத் தயார் பண்ணி வச்சிருந்தேன். மீதி ஏழு வருஷத்தை எந்தத் தயாரும் இல்லாம ஓட்டினேன். இந்தத் தடவை நெசமான காலத்தைச் சொல்லிட்டுப் போங்க. நீளமா இருந்தாலும் பரவாயில்ல.

— மெஹரு...

— ஆரிபாவும் காலையில கேட்டுச்சு. பிள்ளைக்கு இன்னும் வாப்பான்னு கூப்பிட வாய் வரல, அவங்கன்னுதான் சொல்லுது. அவங்க எத்தனை நாள் இருப்பாங்க உம்மா, அதுக்குள்ள எனக்குச் சைக்கிள் கத்துக் கொடுத்துருவாங்களான்னு. கேட்டுச் சொல்றேன்னிருக்கேன்.

— நீ பயந்தது ஒண்ணு. நான் பயந்தது வேற ஒண்ணு. கைத்தொழில் இல்ல, இந்த ஊருல இப்ப யாரும் பழக்கமில்ல, இப்படி ஒரு ஆளு உக்காந்துகிட்டு உன் பாட்டுக்குக் குறுக்க நிக்கிறானேன்னு நீ நெனச்சிருவியோன்னு. பதினேழு நாளா ஆரம்பிக்கிறேன், வாய் வர மாட்டேங்குது.

— என்ன சொல்றீங்க, எனக்குப் புரியல.

— பிள்ளையை நிதானமாவே கத்துக்கச் சொல்லு. சைகோன் வேலையை விட்டுட்டுத்தான் நான் ஊருக்குக் கப்பல் ஏறினேன்.