டிப்ளமோ

இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசைப்பட்டானாம்னு எங்கப்பா ஒண்ணு சொல்வாரு டாக்டர். அதுக்குப் பின்னாடி இன்னொரு பாதி இருக்கு, அதுலதான் விஷயமே. அதுதான் ஞாபகம் வரமாட்டேங்குது. நான் ஃபிளைட் ஏறினப்பவும் சொன்னாரு, அதுக்கும் முன்னாடி நாங்க கம்ப்யூட்டர்ல... இல்ல இல்ல, பேச்சை மாத்தலை. நீங்க கேட்டது புரிஞ்சுது. கதவைச் சாத்திட்டுக் கேட்டீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுது. அக்காவுக்குக் கிட்னி குடுக்க எனக்கு மனசாரச் சம்மதமா, இல்ல சொந்தக்காரங்க நெருக்குறாங்களா. சம்மதமில்லைன்னா ஒரு வார்த்தை சொன்னாப் போதும், டெஸ்ட்ல பொருந்தியிருந்தாலும் பொருந்தலைன்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுவீங்க, காரணம் யாருக்கும் தெரியாது. நல்ல ஏற்பாடு. என்னை மாதிரி ஆளுக்குன்னே பண்ணினது.

அவளுக்கும் எனக்கும் எப்படின்னா, சண்டைதான். சொத்துச் சண்டையா? சேச்சே. விண்வெளிச் சண்டை.

சிரிக்காதீங்க. அப்பா ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர் ஒண்ணு வீட்டுக்கு வந்துச்சு. துணி தேய்க்கிற மேசைமேல வச்சோம். அதுல ஒரு கேம். வானம் பூரா நட்சத்திரம். ஆளுக்கு ஒரு கிரகம். அதுலேர்ந்து கப்பல் கட்டி அனுப்பி, மத்த கிரகத்தையெல்லாம் புடிக்கணும். கம்ப்யூட்டர் ஒண்ணு, ஆடறது ரெண்டு பேர். அவ முறை வந்தா நான் சுவரைப் பாத்துத் திரும்பிக்கணும், என் முறைக்கு அவ. அண்டசராசரத்தையே ஆண்ட சக்கரவர்த்தி நான், பாதி ஆட்சிக்காலம் சுண்ணாம்பைப் பாத்தே போச்சு.

அம்மா வேற, எல்லாம் என் கிரகம்னு தலையில அடிச்சுக்குவாங்க. எதும்மா, அந்தப் பச்சையா இருக்கே அதான்னு கேப்பா அக்கா. கேட்டதோட விட்டாளா, அதுக்கு அம்மா பேரையே வச்சுட்டா.

இதுல டிப்ளமசின்னு ஒரு பட்டன். அக்கா தமிழ்ப் பள்ளிக்கூடம், நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அந்தத் திமிரு தனி. என்னடா இதுன்னு கேட்டா. எனக்கு மட்டும் தெரியுமா? தெரியாதுன்னா மானம் போயிடுமே. அது டிப்ளமோக்கா, பாலிடெக்னிக் படிச்சவங்களுக்கு, நமக்கெதுக்குன்னுட்டேன். நம்பிட்டா. சமாதானம், உடன்படிக்கை எல்லாம் அந்தப் பட்டனுக்குள்ளதான் இருந்திருக்கு. நாங்க தொடவே இல்லை. வேத்துக் கிரகத்துக்காரன் ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரோடையும் சண்டை. பாவம், தூது விட்டு விட்டு ஓஞ்சுபோயிருப்பானுங்க.

வர்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன்.

ஒரு லீவுல என்னை ஓட ஓட விரட்டினா. எங்கிட்ட மிச்சம் ஒரே ஒரு கிரகம். அதுவும் வெறும் பாறை, புல்லு முளைக்காது. இந்த முறையோட நான் காலி. சுவரைப் பாத்து நிக்கறேன், அழுகை முட்டுது, அவ முடிக்கவே மாட்டேங்கறா. பட்டன் பட்டனா அமுக்கிப் பாக்கற சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம், ம், உன் முறைன்னா. திரும்பினா திரையில ஒரு செய்தி. உங்களுக்கு ஒரு கிரகம் அன்பளிப்பு. பச்சை. அம்மா பேரு வச்சது.

கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அவ சொல்றா, உன் டிப்ளமோவை அமுக்கிப் பாத்தேன், இதுல குடுக்கலாம்டா. எங்கிட்டதான் நல்லது ரெண்டு இருக்கே, ஒண்ணு நீ வச்சுக்கோ. நீ போயிட்டா நான் யாருகிட்டப் பீத்திக்கறது?

நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க. அந்தப் பச்சைக் கிரகத்துலேர்ந்தே கப்பல் கட்டி அவ தலைநகரைப் புடிச்சேன். தலையணையாலயே மொத்தினா. அன்னையிலேர்ந்து நான் டிப்ளமோ. இத்தனை வருஷம் வெளிநாட்டுல குப்பை கொட்டிட்டுத் திரும்பி வந்தா, ஏர்போர்ட்ல அத்தனை பேர் நடுவுல, டேய் டிப்ளமோ, முடியெல்லாம் எங்கடான்னு கத்தறா. டயாலிசிஸ் பண்ணிட்டு வந்தும் குரல் குறையலை.

பயமா? இருக்காதா பின்ன? நான் கேம்லயே ஒவ்வொரு முறைக்கும் முன்னாடி சேவ் பண்ணி வச்சுக்கற ஆளு. தோத்தா அங்கேர்ந்து மறுபடியும் ஆடுவேன். ஆபரேஷனுக்கு முன்னாடி அப்படி ஏதாவது வசதி உண்டான்னு உங்க ஜூனியர்கிட்டகூடக் கேட்டேன். அவரு என் பிபியை இன்னொரு தடவை பாத்தாரு.

நெருக்கறாங்களான்னா, யாரும் நெருக்கலை. அவ வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கலை. அந்தக் கண்ணாடி வழியா பாருங்க. எல்லாரும் இந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்காங்க, ஒருத்தி மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு சுவரைப் பாத்து உக்காந்திருக்கா இல்ல, அவதான். நான் உள்ள வரும்போது, ம், உன் முறைன்னுட்டுத் திரும்பிக்கிட்டா.

இப்படிப் பொருந்தலைன்னு சொல்லி விட்டுடுவீங்கன்னு முன்னாடியே கேள்விப்பட்டிருக்கேன் டாக்டர். காலையில வீட்டை விட்டுக் கிளம்பினதே அந்த ஒரு வார்த்தையை உங்ககிட்ட வாங்கிக்கிட்டுப் போகத்தான்.

பொருந்துதுன்னு சொல்லிடுங்க.