கானத்தம்மைக்குப் பச்சைப் படையல்

கேளுங்க. ரொம்பக் காலத்துக்கு முந்தி, ஓடைக்கரைப்பட்டின்னு ஒரு ஊரு. அங்க பிரமாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம வம்சத்துக்கு மூத்தவ. கானம்னா தெரியும்லா, கொள்ளு. அவ கானத்தொவையல் அரைச்சா, தெருவே கஞ்சிக் கும்பாவோட வாசல்ல வந்து நிக்குமாம்.

ஆனா பொல்லாத மனசு. மருமக மாடத்தியை அடுப்புக்கிட்ட அண்ட விட மாட்டா. தண்ணி எடு, வெறகு ஒடி, அம்மியில அரை. கானம் வறுக்க நேரம் வந்துட்டா, "வெளிய போட்டி!"

"நானும் கத்துக்கிடுதேனே, அத்தே."

"நீ கத்துக்கிட்டா, இந்த வீட்டுல என்னை எவட்டி மதிப்பா?"

மூஞ்சிக்கு நேராவே சொன்னாளாம். அதை வயித்தெரிச்சல்னு நெனைக்காதீங்க. பயம்.

ஒருநா பிரமாச்சி வீட்டு முத்தத்துல மயங்கி விழுந்தா. வலது பக்கம் வெளங்காமப் போச்சு. வாயும் கோணிப்போச்சு. புத்தி மட்டும் தெளிவா இருந்துச்சாம். பாலு குடுத்தாக, பழம் குடுத்தாக, ஒண்ணும் எறங்கல. அம்மியைக் காட்டிக் காட்டி அழுதா. மாடத்திக்குப் புரிஞ்சிட்டு. அடுப்பைப் பத்த வச்சா.

சட்டி காஞ்சிது. கானத்தைப் போட்டா. கட்டில்ல கெடந்தவளுக்கு வாசம் வந்துச்சாம். பச்சை வாசம் போச்சு, வறுபட்ட வாசம் வந்துச்சு. இப்ப எறக்கணும். இந்த நிமிசமே எறக்கணும். "எறக்குட்டி"ன்னு கத்துதா. வெளிய வந்தது "ஏ... ஏ..." மட்டுந்தான்.

அத்தை தண்ணி கேக்காகன்னு மாடத்தி செம்போட ஓடியாந்தா. பாவி மனுசி தலையை ஆட்டுதா, அடுப்பைப் பாக்கா, கண்ணீரு விடுதா. மாடத்தி அவ வாயில தண்ணிய ஊத்துதா. அதுக்குள்ள அங்க கானம் கரியாப் போச்சு.

அந்தக் கரியை அரைச்சுத்தான் ஊட்டுனா. பிரமாச்சி துப்பிட்டா. மகன் நயினாரு, "விடு, சத்திரத்துல வாங்கியாரேன்"னான். அதையும் துப்பிட்டா. வயித்துப் பசியோடயே போய்ச் சேந்தா, பாவம்.

வருசத் தெவசத்துக்குப் படையல் போட்டாக. அன்னைக்கும் கானம் கருகிட்டு. மாடத்திக்கு அருள் வந்துட்டாம், முடிய விரிச்சுப் போட்டு ஆடுதா.

"வறுத்தது வேண்டாம்! வெந்தது வேண்டாம்! பச்சையா வச்சிட்டுப் போங்கடா!"

பேசுனது மாமியாளா, மாடத்தியேதானா, யாரு கண்டா? ஊரு விழுந்து கும்பிட்டுச்சு.

பிரமாச்சிக்குக் கல்லு நட்டு, கானத்தம்மைன்னு பேரு வச்சாக. அன்னைலேருந்துதான் அந்தக் கல்லுக்குப் பச்சரிசியும் வறுக்காத கானமும். ஆக்குன சோறு ஆகாது.

நமக்கும் அது நல்ல தோதாப் போச்சு. இப்ப நம்ம வம்சத்துல ஆம்பளைக்கும் தெரியாது, பொம்பளைக்கும் தெரியாது, ஒரு ரசம் வைக்க. வருசா வருசம் அவ கோயில் கொடைக்குக் கார்ல வந்து எறங்குதோம். அவ முன்னால பச்சையக் கொட்டுதோம். அவ கண்ணு முன்னாலயே உக்காந்து ஓட்டல் பொட்டலத்தைப் பிரிச்சுத் திங்கோம். அவ பட்டினியாத்தான் பாத்துக்கிட்டு இருக்கா.