மூன்று பூட்டு போட்ட வீடு

தமக்குரிய நேரத்தையும் எனக்குரிய நேரத்தையும் சேர்த்தே பேசி முடித்திருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் மூத்தோர்களே, பிள்ளையை மடியிலும் கைபேசியைப் பிள்ளையின் மடியிலும் வைத்திருக்கும் தாய்மார்களே, வாசலோரம் நின்று நழுவப் பார்க்கும் தந்தைமார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பூட்டுக்காரனின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சற்று நேரத்தில் அது நின்றுவிடும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கதவுக்குப் பூட்டுப் போடுகிறவன் நான். போன மாதம் ஒரு விடுமுறை நாளில், நாலாவது மாடி வீடொன்றுக்கு அழைத்தார்கள். தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறவர்கள். பதினோரு வயது மகள் பள்ளி விட்டு வந்தால் ஆறு மணி வரை தனியாக இருப்பாள். "உலகம் கெட்டுக் கிடக்குண்ணே, நல்லா கெட்டியா போட்டுக் குடுங்க" என்றார் அந்தத் தாய். மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று போட்டேன். இனி ஈ எறும்பு நுழையாது என்று எனக்கே பெருமை.

கருவிகளைப் பையில் போடும்போது அந்தக் குழந்தை வந்து பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கைபேசியில் படம் எடுத்தாள்.

"எதுக்கும்மா?"

"என் ஃப்ரெண்டு கேட்டா அங்கிள். உள்ள இருந்து சாவி இல்லாம திறக்கலாமான்னு கேக்கறா. நாளைக்கு அம்மா எத்தனை மணிக்கு வருவாங்கன்னும் கேட்டா."

"உன் கிளாஸ்மேட்டா?"

"இல்ல, கேம்ல பழக்கம். நேர்ல பாத்ததில்ல."

எந்தத் தோழி ஐயா பூட்டைப் பற்றி விசாரிப்பாள்? எந்தத் தோழி தாய் திரும்பும் நேரத்தைக் கேட்பாள்?

தந்தையிடம் சொன்னேன். "கேம்தானே, அவபாட்டுக்கு சத்தமில்லாம இருக்கா" என்றார் சோபாவில் இருந்தபடியே. பிறகு கைபேசியை வாங்கி, அந்தத் தோழி அனுப்பியதையெல்லாம் படித்தார். படிக்கப் படிக்க முகம் வெளுத்தது. உடனே குழந்தையின் மேல் பாய்ந்தார். "இனிமே உனக்கு போனே கிடையாது."

அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தினமும் கேக்கறது அவ மட்டும்தாம்ப்பா."

இப்போது சிரிப்பு நின்றுவிட்டதா?

மூன்று பூட்டு போட்ட வீட்டுக்குள், நாலு மாதமாக, நடுக்கூடத்தில் தோழி என்ற பெயரில் அந்நியன் ஒருவன் அமர்ந்திருந்திருக்கிறான். புகார் கொடுத்தாயிற்று, அவனைக் காவல்துறை தேடுகிறது, தேடட்டும். என் கோபம் நம் மேல். ஆம், நானும் சேர்த்தி. என் மகன் யாரோடு விளையாடுகிறான் என்று நானும் அதுவரை கேட்டதில்லை. கடைக்குத் தனியாக அனுப்ப அஞ்சுகிறோம், ஊர் உலகத்தையே உள்ளங்கையில் கொடுத்துவிட்டு உறங்குகிறோம்.

"பிடுங்கி வைத்தால் போதாதா" என்கிறார் அங்கே ஒருவர். போதாது ஐயா. பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டாள். யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று அந்தக் கருவியிலேயே கட்டுப்பாடு வைக்கலாம். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வையுங்கள். காரணம் சொல்லுங்கள். அவள் விளையாட்டைக் கொஞ்சம் விளையாடித் தோற்றுப்போங்கள்.

நேரமில்லை என்கிறீர்களா? அவனுக்கு நேரம் இருந்தது. அந்தக் குழந்தைக்குப் பிடித்த நிறம் எது, பயம் எது, பகை யார் என்று நாலு மாதம் கேட்க அவனுக்கு நேரம் இருந்தது. பெற்றவர்களுக்கு இல்லையா?

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் கேளுங்கள், "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று. வேறு எவனும் கேட்பதற்கு முன் நீங்கள் கேளுங்கள்.

பொறுமையாகத் திட்டு வாங்கிக்கொண்ட உங்களுக்கு என் நன்றி. வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு என் வணக்கம்.